கான்சாகிப் கேட்ட நான்கு ஆண்டுகள்

1761-ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு ஒரு குத்தகை விண்ணப்பம் சென்றது. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க்குக் குத்தகை எடுத்திருந்தவர், இனி ஆண்டுக்கு 7 லட்சம் தரத் தயார் என்றும், நான்கு ஆண்டுகளுக்குக் குத்தகையை உறுதிசெய்து தர வேண்டும் என்றும் கேட்டிருந்தார். குத்தகைத் தொகையைக் குறைக்கக் கோரி மன்றாடுவதே உலக வழக்கம். இவர் தாமாகவே இரண்டு லட்சம் கூட்டினார். விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அடுத்த மூன்றாண்டுகளில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

அவர் முகம்மது யூசுப் கான். பிறந்தபோது மருதநாயகம், தென்பாண்டி மக்களுக்குக் கான்சாகிப். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் இந்தியச் சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதியாக இருந்தவர். அவருடைய போர்களைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். பொருளாதாரம் கற்பித்துக் காலம் கழித்த எனக்கோ, அந்தப் போர்களைவிட இந்த ஒரு விண்ணப்பமே அவரை விளங்கிக்கொள்ளும் வழியாகத் தோன்றுகிறது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரு நாட்டை நிர்வகிக்க முனைந்த போர்வீரர் ஒருவருக்கு என்ன நேர்ந்தது என்பது அதில் அடங்கியிருக்கிறது.

விருதுநகர் மாவட்டத்து வாசகர்கள் இதைத் தொலைவான கதையாகக் கொள்ள வேண்டியதில்லை. இன்றைய மாவட்டத்தின் மேற்குப் பகுதி, 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்படும்வரை திருநெல்வேலியோடு சேர்ந்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் சிவகாசியும் அந்தச் சீமையின் ஊர்கள். சிவகாசியிலிருந்து மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூரைக் கடந்து வத்திராயிருப்புப் பக்கம் சென்றால் கூமாபட்டியை அடுத்துக் கான்சாபுரம் என்றோர் ஊர் வரும். மலையடிவாரம், நெல்லும் தென்னையுமாகப் பசுமையான இடம். கான்சாகிபின் பெயரே ஊர்ப்பெயர் ஆயிற்று என்பது அப்பகுதியில் வழங்கும் செய்தி.

மருதநாயகம் பனையூரில் வேளாளர் குடும்பத்தில் 1725-ஐ ஒட்டிப் பிறந்தார் என்பது மரபு. இளமையிலேயே ஊரைவிட்டு வெளியேறி, இஸ்லாத்தைத் தழுவி, பிழைப்புத் தேடிப் படைத்தொழிலுக்கு வந்தார். அக்காலத்தில் மழை பொய்க்கும் சீமையிலிருந்து புறப்பட்ட இளைஞனுக்குப் படையே பெரிய வேலைவாய்ப்பு. கரிசல் மண்ணிலிருந்தும் பழைய இராமநாதபுரச் சீமையிலிருந்தும் தலைமுறை தலைமுறையாக இளைஞர்கள் பட்டாளத்துக்குப் போவதை இன்றும் பார்க்கிறோம். இந்த ஒன்றில் காரணங்கள் அதிகம் மாறிவிடவில்லை.

கர்நாடகப் போர்கள் நடந்த காலம் அது. ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு முகம்மது அலியும் சந்தா சாகிபும் போட்டியிட, ஒருவர் பின்னால் ஆங்கிலேயரும் மற்றவர் பின்னால் பிரெஞ்சுக்காரரும் நின்றனர். கிளைவின் படையில் ஒரு சிப்பாய்க் குழுவுக்குத் தலைவராகச் சேர்ந்த யூசுப் கான், நெல்லூர் சுபேதார் என்று அறியப்பட்டார். திருச்சிராப்பள்ளி முற்றுகையின்போதுதான் மேஜர் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் அவரை அடையாளம் கண்டார். முற்றுகையில் தவித்த கோட்டைக்குத் தஞ்சையிலிருந்தும் தொண்டைமான் நாட்டுக் காடுகள் வழியாகவும் உணவுப் பொதிகளைக் கொண்டுவந்து சேர்ப்பதே அங்கு வாழ்வா சாவா என்ற கேள்வி. எந்தப் பாதையில் எதிரி காத்திருக்கிறான், எந்த இரவில் மாடுகளை ஓட்டி வரலாம் என்று கணித்து வண்டிகளைப் பத்திரமாகக் கோட்டைக்குள் சேர்த்தவர்களில் முதன்மையானவர் யூசுப் கான். பிற்காலத்தில் அவர் நல்ல நிர்வாகி ஆனதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். வழங்கல் பாதையின் அருமை தெரிந்தவருக்குச் சந்தையின் அருமையும் தெரியும்.

1754-இல் லாரன்சின் பரிந்துரையால் கும்பினிச் சிப்பாய்கள் அனைவருக்கும் அவர் தளபதியானார். பொற்பதக்கமும் கிடைத்தது. அதே ஆண்டில் அவர் உயிருக்கே உலை வைக்கும் சூழ்ச்சி ஒன்றும் நடந்தது. அவர் மைசூர்ப் படையோடு இரகசியமாகப் பேரம் பேசுவதாகக் காட்டும் கடிதம் ஒன்று கைப்பற்றப்பட்டது. விசாரித்தபோது, லாரன்சின் துபாஷியே அந்தப் பொய்க் கடிதத்தைப் புனைந்தவர் என்று தெரியவந்தது. துபாஷியைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டனர். குற்றமற்றவர் என்று யூசுப் கான் மீண்டார். ஆனால் கும்பினியின் நம்பிக்கை ஒரு துண்டுக் காகிதத்தில் நிற்கும் அளவுக்கே வலுவானது என்பதை அன்றே அவர் கண்டிருப்பார்.

1756-இல் அவரைத் தெற்கே அனுப்பினார்கள். நவாபின் தமையன் மாபுஸ் கான் அதற்கு முன்பு இந்தச் சீமைகளைக் குத்தகை எடுத்து, பணத்தைச் செலுத்த முடியாமல், கடைசியில் பாளையக்காரர்களோடு கைகோத்துக்கொண்டு கலகக்காரர் ஆகியிருந்தார். யூசுப் கான் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத் திருநெல்வேலிக்குச் சென்றார். 1757-இல் கேப்டன் கைலாடும் அவரும் சேர்ந்து மதுரைக் கோட்டையை முற்றுகையிட்டனர். பீரங்கியால் முடியாததை இறுதியில் பணம் கொடுத்துப் பேசி முடித்தனர். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது வடக்கே அழைக்கப்பட்டார். கோட்டைக்கு வெளியே, செங்கல்பட்டுக்கும் பரங்கிமலைக்கும் இடையில் திரிந்து பிரெஞ்சுப் படையின் உணவு வழிகளை அவர் வெட்டிய வண்ணம் இருந்தார். 1759 பிப்ரவரியில் லாலி முற்றுகையை விலக்கிக்கொண்டார். சென்னை ஆங்கிலேயர் கையில் நிலைத்ததில் இந்தத் தமிழருக்குப் பெரும் பங்கு உண்டு. அதை எந்த மனநிலையோடு நினைவுகூர்வது என்பது நம் காலத்தின் சிக்கல்.

அந்த ஆண்டிலேயே மதுரைக்கு மீண்டும் வந்தார். இம்முறை தளபதியாக மட்டும் வரவில்லை. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் செலுத்தும் குத்தகைதாரராக, அதாவது நடைமுறையில் ஆட்சியாளராக வந்தார்.

குத்தகை ஆட்சியின் கணக்கைச் சற்று விளக்க வேண்டும். ஆட்சியாளர் ஒரு சீமையின் வரி வசூலைக் குறிப்பிட்ட தொகைக்கு ஒருவரிடம் விட்டுவிடுவார். தொகைக்கு மேல் வசூலாவது குத்தகைதாரருக்கு. குறைந்தால் நட்டமும் அவருடையதே. படைச் செலவும் பெரும்பாலும் அவர் தலையில்தான். குத்தகை ஓராண்டுக்கு என்றால், கிடைத்த மட்டும் சுரண்டிக்கொண்டு போவதே அறிவுடைமை. கண்மாய்க் கரையை உயர்த்தினால் பலன் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் வரும். அப்போது வேறொருவன் குத்தகைதாரராக இருப்பான். தறிக்கு முன்பணம் கொடுத்து நெசவாளரைக் குடியேற்றினாலும் அப்படியே. ஆகவே குறுங்காலக் குத்தகை மடையையும் தறியையும் பார்க்காது, களத்து நெல்லை மட்டுமே பார்க்கும்.

யூசுப் கான் முதல் இரண்டாண்டுகளில் செய்தவை, நெடுங்காலம் இருக்கப்போகிறவர் செய்யும் வேலைகள். பாழ்பட்ட நீர்நிலைகளைப் பழுதுபார்த்தார். நெசவாளர்களையும் வணிகர்களையும் ஆதரித்தார். வழிப்பறியை ஒடுக்கிப் பாதைகளைப் பயணத்துக்கு உரியவையாக்கினார். மதுரை மீனாட்சியம்மன் கோயில் இழந்திருந்த மானியங்களை மீட்டுக் கொடுத்தார். மதம் மாறிய ஒருவர் கோயில் மானியத்தை மீட்டது இன்று வியப்பாகப் பேசப்படுகிறது. அக்காலத்தில் கோயில் என்பது பெரிய நிலவுடைமை நிறுவனமும்கூட. அது நொடித்தால் சுற்றியுள்ள குடிகளும் நொடிப்பார்கள். பக்தியைவிட நிர்வாக அறிவே அங்கு வேலை செய்தது என்று நான் கருதுகிறேன். 1760-இல் தூத்துக்குடியிலிருந்து ஆழ்வார்திருநகரிவரை முன்னேறிய டச்சுக்காரரையும் விரட்டினார்.

இதன் மறுபக்கத்தையும் எழுதாமல் விடுவது நேர்மையாகாது. நத்தம் பகுதிக் காடுகளை வெட்டி வழி செய்து, எதிர்த்த கள்ளர்களை அவர் ஈவிரக்கமின்றி ஒடுக்கினார். இராஜபாளையத்தை அடுத்த கொல்லங்கொண்டான் போன்ற மேற்குப் பாளையங்கள் அவர் படையெடுப்பில் அடிபட்டன. நெற்கட்டும்செவல் பூலித்தேவரோடு அவர் நடத்திய போர் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1759 டிசம்பரில் திருவிதாங்கூர்ப் படையின் துணையோடு வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கித் தோற்றார். 1761 மே மாதத்தில்தான் பூலித்தேவரின் கோட்டைகள் வீழ்ந்தன. பாளையக்காரர்கள் குடிகளிடம் பெற்ற காவல் வரி அவர்களுடைய உரிமையாகவும் வாழ்வாதாரமாகவும் இருந்தது. வசூல் முழுவதும் ஒரே கஜானாவுக்கு வர வேண்டும் என்ற குத்தகைதாரர் கண்ணுக்கு அதுவே கசிவு. மோதல் தவிர்க்க முடியாதது. ஆனால் கும்பினியின் கருவியாக நின்று அதைச் செய்தார் என்பதை மாற்றி எழுத இயலாது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர்களில் அவர் பெயரைச் சொன்னால் இன்றும் முகம் இறுகுகிறவர்கள் உண்டு. அவர்களுடைய நினைவும் வரலாறுதான்.

இடையில் ஒன்று. வெடிமருந்துக்கும் படைகளுக்கும் பேர்போன இந்தச் சீமையில் சிவகாசிப் பட்டாசு பிறந்தது பொருத்தம்தானே என்று மேடைகளில் சிலர் இணைத்துப் பேசுவதுண்டு. இரண்டுக்கும் தொடர்பில்லை. சிவகாசியின் தொழில், 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பியதிலிருந்து வளர்ந்தது. பாளையக் காலத்து மருந்துக்கு அதில் இடமில்லை.

1761-க்கு வருவோம். அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. பிரெஞ்சு ஆபத்து நீங்கிற்று. தெற்கே பாளையங்களும் அடங்கின. ஒரு படைத்தலைவரின் மதிப்பு அவருடைய எதிரிகள் இருக்கும்வரைதான். நவாப் முகம்மது அலி, போர்ச் செலவுக்காகக் கும்பினிக்குப் பெருந்தொகை கடன்பட்டிருந்தார். அந்தக் கடனைத் தீர்க்க அவர் கண்ணில் பட்டவை செழித்துவரும் மதுரையும் திருநெல்வேலியும். தம் வேலையாளாக இருக்க வேண்டிய ஒருவர், தமக்கும் மேலாகச் சென்னைக் கோட்டையோடு நேரே பேசுவதும் அவருக்குப் பொறுக்கவில்லை. சென்னை ஆட்சிக்குழுவிற்கோ, கடன் கொடுத்தவர் என்ற முறையில் கடனாளி நவாபின் வருமானம் பெருகுவதே நன்மை. யூசுப் கான் தருவதாகச் சொன்ன 7 லட்சம், இந்தக் கணக்குக்கு முன் நிற்கவில்லை. அவர் நவாபுக்குக் கட்டுப்பட்டவர் என்று அறிவிக்கப்பட்டது. பிரெஞ்சுக்காரரை விரட்ட உதவியவரை, தம் பழைய பகைவர் ஒருவரின் தயவில் விட்டார்கள்.

அதன் பிறகு நடந்தவை விரைவானவை. யூசுப் கான் படையைப் பெருக்கினார். மதுரைக் கோட்டையை வலுப்படுத்தினார். திருவிதாங்கூரோடு போரில் இறங்கினார். சென்னைக்கு வரச் சொல்லி வந்த அழைப்புகளைத் தட்டிக் கழித்தார். 1763-இல் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். மர்சான் என்ற பிரெஞ்சு அதிகாரியும் ஐரோப்பியச் சிப்பாய்கள் சிலரும் அவரிடம் வந்து சேர்ந்தனர்.

அந்தக் கொடியைத் தேர்ந்த நேரத்தைப் போன்ற துரதிருஷ்டம் வேறில்லை. அதே 1763 பிப்ரவரி 10 அன்று பாரிஸ் நகரில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானம் செய்துகொண்டன. அதன் 11-ஆவது பிரிவில், முகம்மது அலியைக் கர்நாடகத்தின் முறையான நவாபாகப் பிரான்சும் ஏற்றுக்கொண்டிருந்தது. மதுரைக் கோட்டையில் எந்தக் கொடி பறந்ததோ, அந்த நாடு ஏற்கெனவே அவருடைய எதிரிக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டது. கனடாவையும் கரீபியத் தீவுகளையும் பங்கிட்ட மேசையில், மதுரையும் பெயர் சொல்லப்படாமலே பங்கிடப்பட்டது.

ஆனாலும் அவர் எளிதில் வீழவில்லை. 1763 ஆகஸ்டில் தொடங்கிய முதல் முற்றுகை மழைக்காலத்தோடு தோல்வியில் முடிந்தது. மறு ஆண்டு மேஜர் சார்லஸ் கேம்பல் தலைமையில் பெரும்படை வந்தது. 1764 ஜூன் 26 அன்று கோட்டை மதிலில் ஏறிப் பாய்ந்த தாக்குதலை யூசுப் கான் முறியடித்தார். மேஜர் பிரஸ்டன் படுகாயமுற்று இறந்தார். வாளால் முடியாது என்று கண்ட கேம்பல், உணவை நிறுத்தினார். திருச்சிக் கோட்டைக்குச் சோறு சேர்த்து உயர்ந்த மனிதரை, மதுரைக் கோட்டைக்குச் சோறு வரவிடாமல் வீழ்த்தினார்கள். பசியில் உள்ளிருந்தோர் மனம் மாறினர். அக்டோபர் 13 அன்று, அவர் தொழுகையில் இருந்தபோது, திவான் சீனிவாச ராவும் மர்சானும் வேறு சிலரும் சேர்ந்து அவரைப் பிடித்துக் கட்டினர். அக்டோபர் 15 மாலை, மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில், நவாபின் ஆணைப்படி தூக்கிலிடப்பட்டார். படை கும்பினியுடையது, கயிறு நவாபுடையது. பொறுப்பைப் பிரித்துக்கொள்வதில் அந்த வணிகர்கள் தேர்ந்தவர்கள்.

கயிறு இருமுறை அறுந்தது என்றும், உடல் துண்டாக்கப்பட்டுப் பல ஊர்களுக்கு அனுப்பப்பட்டது என்றும் கதைகள் உண்டு. கதைகள் பெருகியதே மக்கள் அவரை மறக்கவில்லை என்பதற்குச் சான்று. சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலத்தின்மேல் 1808-இல் பள்ளிவாசல் எழுப்பப்பட்டது. மதுரையில் கான்சாமேட்டுத் தெரு இருக்கிறது. நாட்டுப்புறப் பாவலர்கள் அவரை நாயகராக்கிக் கான்சாகிபு சண்டை என்ற கதைப்பாடலைப் பாடினர், நா. வானமாமலை அதைப் பதிப்பித்தார். 1914-இல் எஸ்.சி. ஹில் அவருடைய வரலாற்றை ஆங்கிலத்தில் முழு நூலாக எழுதினார். 1997-இல் எலிசபெத் அரசியார் முன்னிலையில் சென்னையில் தொடங்கப்பட்டு முடிவுறாமல் நின்றுபோன திரைப்படத்தின் வழியாகவே இன்றைய தலைமுறைக்கு மருதநாயகம் என்ற பெயர் தெரியும். முடிவுறாமை அவருக்கு வாய்த்த விதி போலும்.

அவருடைய மனைவி மார்சியா போர்த்துக்கீசிய வழிவந்த கிறித்தவப் பெண், ஊர்வாயில் மாசா. ஆண் குழந்தை ஒன்றும் இருந்தது. வீரரின் மரணத்தை நாள், கிழமையோடு குறித்துவைத்த ஆவணங்கள் அவர்களுக்கு ஒதுக்கிய இடம் மிகச் சிறிது. போரில் பங்கேற்றவரைப் போற்றும் நம் கூட்டங்களிலும் குடும்பத்தினர் பின்வரிசையில்தான் உட்காருகிறார்கள்.

யூசுப் கான் வகித்த நிலை, அவருக்குப் பின் இந்தியர் எவருக்கும் நெடுங்காலம் கிடைக்கவில்லை. சிப்பாய்ப் படைகளின் தலைமையை ஐரோப்பிய அதிகாரிகளிடமே வைப்பது என்பது கும்பினியின் நடைமுறை ஆயிற்று. இந்தியருக்கு மன்னரின் அதிகாரி நியமனம் முதல் உலகப் போரின் பிற்பகுதியில்தான் கிடைக்கத் தொடங்கியது. ஓர் இந்தியர், கரியப்பா, தரைப்படையின் தலைமைத் தளபதியானது 1949 ஜனவரியில். ஆற்றல் மிக்க இந்தியத் தளபதி என்றால் என்னவாகும் என்று மதுரை முற்றுகை அவர்களுக்குக் கற்பித்த பாடம் இந்த நீண்ட இடைவெளியில் ஒரு பங்கு வகித்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

அவரை எப்படி மதிப்பது என்பதில் நாம் இன்னும் தடுமாறுகிறோம். விடுதலைப் போராட்ட வரிசையில் அவரை முதலிடத்தில் வைப்போர், பூலித்தேவரோடு அவர் போரிட்ட ஆண்டுகளை ஓரிரு வரியில் கடக்கிறார்கள். துரோகி என்போர், கடைசி ஈராண்டுகளை மறைக்கிறார்கள். இரு தரப்பும் போர்க்களத்தில் மட்டுமே அவரைத் தேடுகின்றன. நெற்கட்டும்செவலில் பூலித்தேவருக்கு அரசு நினைவு மாளிகை எழுந்தது முற்றிலும் நியாயமானது. அவருக்கு உரிய மரியாதையில் ஒரு துளியும் குறையக் கூடாது. ஆனால் ஒருவரைப் போற்றுவதற்கு இன்னொருவரின் கண்மாய்க் கணக்கை அழிக்க வேண்டியதில்லை. பள்ளிப் பாடத்தில் யூசுப் கானின் முற்றுகைகளோடு அவருடைய குத்தகை விண்ணப்பத்தையும் சேர்க்கலாம். எட்டாம் வகுப்பு மாணவனுக்கு 5 லட்சமும் 7 லட்சமும் நான்கு ஆண்டும் எளிதில் புரியும்.

அவருடைய ஆட்சிக்குச் சான்று தேடி நாம் ஆதரவாளர்களிடம் போக வேண்டிய தேவையும் இல்லை. தூக்கிலிட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், 1783-இல், கர்னல் ஃபுல்லார்டன் என்பவர் கும்பினியின் தென்படைத் தலைவராக இதே சீமைகளில் பாளையங்களை அடக்கி அலைந்தார். நவாபின் கடன் அதற்குள் இங்கிலாந்துப் பாராளுமன்றமே விவாதிக்கும் ஊழலாக வளர்ந்திருந்தது. குத்தகைதாரர்கள் மாறி மாறி வந்து சீமையை உலர்த்தியிருந்தார்கள். தம் மேலிடத்துக்கு எழுதிய நீண்ட அறிக்கையில் ஃபுல்லார்டன், இந்தத் தெற்குச் சீமைகள் நன்றாக ஆளப்பட்ட காலம் ஒன்றைச் சுட்ட நேர்ந்தது. அவர் சுட்டியது யூசுப் கானின் ஆண்டுகளை: உறுதியான நிர்வாகம், ஐயத்துக்கு இடமற்ற நீதி, மாறாத வாக்கு. எழுதியவர், அவரைக் கொன்ற கும்பினியின் சம்பளக்காரர்.